சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், ஜூஸ் டப்பா: உருக்கினால் என்ன வரும்?

கேள்வி: 3 பிப்ரவரி 2025

எங்கள் பஞ்சாயத்துக் குப்பைக் கொட்டகையில் பாட்டில், பால் கவர், இரும்பு எல்லாம் விலைக்குப் போய்விடுகிறது. சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், ஜூஸ் டப்பா மட்டும் மூட்டை மூட்டையாக நிற்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் தொடக்கூட மாட்டேன் என்கிறார். "இது பல அடுக்கு, மறுசுழற்சி ஆகாது, சிமெண்ட் ஆலைக்கு அனுப்பு" என்கிறார்கள் அதிகாரிகள். "எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கி டைல்ஸ் போடலாம்" என்று ஒருவர் மெஷின் விற்க வருகிறார். யாரை நம்புவது?

3 பிப்ரவரி, இரவு

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். மதுரைப் பக்கம் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் பட்டறையில் எக்ஸ்ட்ரூடர், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் தள்ளி இழையாக்கும் எந்திரம், ஓட்டியவன் நான். இப்போது மகளிர் குழு ஒன்றுக்குத் தரம் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டினால் குறைந்தது நான்கு ரகம் தெரியும்.

சிப்ஸ் கவர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் (பிபி) என்கிற பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு படலங்கள். வெளிப்படலத்தில் அச்சு, உள்படலத்தில் அலுமினியப் பூச்சு. பளபளப்பைப் பார்த்து உலோகத் தகடு என்று நினைக்கிறார்கள். அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சு அது. ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்குதான் இருக்கும். எடையில் கணக்கிலேயே வராது.

ஷாம்பு பாக்கெட்டில் வெளியே பெட், அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருள், மெல்லிய படலமாக. உள்ளே பாலிஎத்திலீன், பால் கவர் செய்கிற பொருள். நடுவில் பல நேரம் அலுமினியம் பூசிய இன்னொரு பெட்.

ஜூஸ் டப்பா எடையில் முக்கால் பங்கு காகிதம், ஐந்தில் ஒரு பங்கு பாலிஎத்திலீன், மிச்சம் அலுமினியம். இதில் இருப்பது நிஜத் தகடு.

மாத்திரை அட்டை என்றால் பி.வி.சி.யும் அலுமினியத் தகடும். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இனி சூட்டைப் பாருங்கள். ஷாம்பு பாக்கெட்டின் உள்ளே இருக்கிற பாலிஎத்திலீன் 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும். பாலிப்ரொப்பிலீனுக்கு 160க்கு மேல் வேண்டும். பெட் 250 தாண்டினால்தான் அசையும். அலுமினியத்துக்கு 660. காகிதம் உருகவே உருகாது, கருகும். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கலாம் என்கிறவரிடம் எத்தனை டிகிரியில் என்று கேளுங்கள்.

4 பிப்ரவரி

"அப்படியென்றால் டைல்ஸ் எப்படி ஒட்டி நிற்கிறது?" என்று கேட்டிருக்கிறார் கோவில்பட்டிக்காரர் ஒருவர். அவர் ஊர்ச் சரக்கை வைத்தே சொல்கிறேன். கடலைமிட்டாயில் கடலை உருகுவதில்லை, பாகுதான் பிடிக்கிறது. இங்கே பாகு பாலிஎத்திலீன். பெட், அலுமினியம், காகிதத் துணுக்கு, மணல் எல்லாம் கடலை. பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் செய்கிற பலகை, ஓடு, நடைபாதைக் கல், சாலை எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பாகு எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு அழுக்கும் ஈரமும் இருக்கிறது.

மெஷின் விற்பவர் மாதிரி டைல் காட்டுவார். அதில் எந்தக் கழிவு, எந்த விகிதத்தில் போனது என்று கேளுங்கள். நல்ல பால் கவர் குருணையைப் பாதிக்குப் பாதி கலந்து, மேலே கொஞ்சம் சிப்ஸ் கவரைத் தூவினால் யார் செய்தாலும் அழகாகத்தான் வரும். பால் கவர் ஏற்கெனவே உங்களிடம் நல்ல விலைக்குப் போகிற பொருள். அதைக் கொண்டுபோய் டைல்ஸில் புதைப்பதில் என்ன லாபம்?

6 பிப்ரவரி

எந்தக் கவர் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பக்கெட் தண்ணீர் போதும். கவரைத் தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை எடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். தேய்க்காமல் போட்டால் எல்லாமே மிதக்கும், பொய் சொல்லும்.

பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மேலே வந்துவிடும். பெட் கனம், தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.38 மடங்கு, கீழே போகும்.

நெருப்பில் காட்டி மோந்து பார்க்கும் பழைய வித்தையைச் செய்யாதீர்கள். பட்டறையில் எல்லோரும் செய்வார்கள், நானும் பார்த்திருக்கிறேன். பி.வி.சி. துண்டு ஒன்று மாட்டினால் மூக்கு, தொண்டை எல்லாம் போய்விடும்.

9 பிப்ரவரி

பக்கெட் சோதனை செய்து பார்த்தவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சிப்ஸ் கவர் மிதந்தது. ஒரு ஷாம்பு பாக்கெட் மூழ்கியது. ஒரு மசாலாத்தூள் பாக்கெட் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுத்தண்ணீரில் நிற்கிறது. என்ன செய்வது?"

அருமையான கேள்வி. கணக்குப் போட்டால் புரியும். 12 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெட்டும் 50 மைக்ரான் பாலிஎத்திலீனும் சேர்ந்த கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டின் அடர்த்தி 1.38, பாலிஎத்திலீன் 0.92. தடிமனை வைத்துச் சராசரி எடுத்தால் 1.01 வரும். தண்ணீருக்குச் சமம். அதனால்தான் நடுவில் நிற்கிறது. அதுவே இரண்டு அடுக்கு பெட், 40 மைக்ரான் பாலிஎத்திலீன் என்றால் 1.09, மூழ்கிவிடும். உங்கள் ஷாம்பு பாக்கெட் அந்த ரகமாக இருக்கலாம்.

ஆக, தயங்கி நிற்பதையும் மூழ்குவதையும் ஒரே பக்கம் போடுங்கள். நன்றாக மிதக்கிற சிப்ஸ் கவரைத் தனியாக எடுத்து வையுங்கள். பார்க்க மிக மோசமாக, உலோகம்போல் மின்னுகிற அந்தக் கவர்தான் இந்தக் கூட்டத்திலேயே மறுசுழற்சிக்கு நெருங்கிய சொந்தம். ஏனென்றால் அது கிட்டத்தட்ட முழுவதும் பாலிப்ரொப்பிலீன். மேலே மையும் கோந்தும் மட்டும்.

எல்லாக் கம்பெனி சிப்ஸ் கவரும் அப்படி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மிக்சர், காராபூந்தி மாதிரிச் சரக்குக்கு பெட் கலந்த கவர் போடுவோர் உண்டு. பிராண்ட் பெயரை வைத்து முடிவு செய்யாமல் பக்கெட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.

12 பிப்ரவரி

பட்டறை அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதச் சொன்னார்கள்.

அலுமினியப் பூச்சுள்ள பாலிப்ரொப்பிலீன் கவர், பாக்கெட் அச்சடிக்கும் இடத்திலிருந்து கழிவு ரோலாக வரும். அச்சு விலகியது, ஓரம் வெட்டியது, இப்படி. சாப்பாட்டு எண்ணெய் படாத சுத்தமான சரக்கு. அதை ஓட்டும்போதே இரண்டு தொல்லை. முதலாவது மை. எக்ஸ்ட்ரூடருக்குள் சூடானதும் மையும் கோந்தும் வாயுவாகக் கிளம்பும். வாயு வெளியேற வழியுள்ள பீப்பாய் இல்லையென்றால் அச்சுத் துளையிலிருந்து வருகிற இழை முழுக்கக் குமிழி. தண்ணீர்த் தொட்டிக்குள் போவதற்குள் இழை அறுந்துவிடும். அறுந்ததை எடுத்துக் கோத்து விட்டுக்கொண்டே ஒரு ஆள் நிற்க வேண்டும். இரண்டாவது, லேசான படலம் நேராக உள்ளே இறங்காது, புனல் வாயில் பாலம் கட்டி நின்றுவிடும். அதற்குத்தான் முதலில் அதைச் சுழற்றிச் சூடாக்கி உருண்டை உருண்டையாகச் சுருட்டி எடுப்பது. அப்படி எடுத்தால் வருகிற குருணை சாம்பல் நிறமாக இருக்கும். கறுப்பு நிறம் சேர்த்து வாளி, பூந்தொட்டி, ஹேங்கர் எல்லாம் அடிக்கலாம். அடித்திருக்கிறோம்.

பெட் கலந்த கவர் வந்தால் கதையே வேறு. 200 டிகிரியில் ஓடும்போது பாலிஎத்திலீன் நீர்த்து ஓடும், பெட் துண்டு துண்டாக அப்படியே வந்து சல்லடையில் மோதி அப்பிக்கொள்ளும். அழுத்தம் ஏறும், மோட்டார் முனகும். நிறுத்திச் சல்லடையைக் கழற்றினால் ஈரக் காகிதத்தை ஒட்டியதுபோல் வெள்ளி நிறத் தோல். சுத்தியலும் தீயும் இல்லாமல் அது வராது. சரி, சூட்டை 260க்கு ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஏற்றினால் பாலிஎத்திலீன் மஞ்சளாகிப் புகையும். பெட்டில் துளி ஈரம் இருந்தாலும் அந்தச் சூட்டில் அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து வலுவிழக்கும். இரண்டும் உருகினாலும் ஒன்றோடொன்று கலக்காது, எண்ணெயும் தண்ணீரும்தான். ஆறியதும் கையால் ஒடித்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும்.

கலக்க வைக்க மருந்து இருக்கிறது. மலேயிக் அன்ஹைட்ரைடு என்கிற வேதிப்பொருள் ஒட்டிய பாலிஎத்திலீன் சிறிதளவு சேர்த்தால் இரண்டுக்கும் நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த மருந்தின் விலை, வெளியே போகிற குருணையின் விலையைவிட அதிகம். சின்னப் பட்டறையில் யார் வாங்கிப் போடுவார்கள்?

12 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மாத்திரை அட்டையைத் தனியாக எழுதுகிறேன் என்றேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: எந்தக் காரணத்துக்காகவும் உருக்கும் மூட்டையில் அது போகக் கூடாது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் வெளியூர் மூட்டை ஒன்றைப் பிரிக்காமல் அப்படியே அரைத்துப் போட்டுவிட்டார்கள். உள்ளே மாத்திரை அட்டை கணிசமாக இருந்திருக்கிறது. அதிலுள்ள பி.வி.சி. சூடேறியதும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை. ஓட்டிக்கொண்டிருந்த பையன் இருமிக்கொண்டே வெளியே ஓடினான். கண் சிவந்து நீர் கொட்டியது. எல்லோரும் வெளியே நின்றோம். எக்ஸ்ட்ரூடரின் திருகு பின்னால் கழற்றியபோது பொட்டுப் பொட்டாக அரித்திருந்தது. எந்திரம் போனால் வாங்கலாம், அந்தப் பையனின் நுரையீரலுக்கு யார் பதில் சொல்வது? தரம் பிரிக்கும் பெண்களுக்கு நான் முதலில் காட்டுவது மாத்திரை அட்டையைத்தான்.

17 பிப்ரவரி

ஜூஸ் டப்பா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அதற்கு இரண்டு வழி நடைமுறையில் இருக்கிறது. ஒன்று, காகித ஆலையில் பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுச் சுழற்றுவது. காகித நார் பிரிந்து கூழாகிவிடும். அட்டை, அட்டைப்பெட்டி செய்ய அது நல்ல நீள நார். மிச்சம் பாலிஎத்திலீனும் அலுமினியமும் ஒட்டிய சவ்வு. அந்தச் சவ்வில் பாகு நிறைய இருக்கிறது, அதனால் அழுத்தித் தகடாக்குவது எளிது. இன்னொன்று, பிரிக்காமல் டப்பாவையே சின்னதாக அரைத்து, தட்டில் பரப்பிச் சூடாக அழுத்துவது. பாலிஎத்திலீன் உருகிக் காகிதத்தையும் அலுமினியத்தையும் பிடித்துக்கொள்ளும். பலகை வரும். அது சூடாக இருக்கும்போதே நெளி அச்சில் வைத்து அழுத்தினால் கூரை ஓடு.

அந்தக் கூரைத் தகட்டைக் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். குறுக்கே வெட்டிய ஓரத்தில் பச்சை, ஆரஞ்சு, வெள்ளி எல்லாம் துணுக்குத் துணுக்காகத் தெரியும், எழுத்துகூட ஒன்றிரண்டு படிக்கலாம். ஆணி அடித்தால் தெறிக்கவில்லை. தகரக் கொட்டகையில் மழை பெய்தால் பேச்சே கேட்காது, இதில் அந்தச் சத்தம் இல்லை. காகிதம் உள்ள தகடு என்றால் வெட்டிய ஓரத்தை மூட வேண்டும். மூடாவிட்டால் ஈரம் ஏறி ஓரம் உப்பும். தீ பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. சமையல் செய்யும் கொட்டகைக்கு நான் போடச் சொல்ல மாட்டேன். ஆட்டுக் கொட்டகை, சைக்கிள் நிறுத்துமிடம், பொருள் வைக்கும் இடம், இதற்கெல்லாம் தாராளமாக.

டப்பாவைக் கழுவி, தட்டையாக்கி, காய வைத்துத் தந்தால் போதும். கழுவாத டப்பா கோடையில் புளித்துப் புழு வைக்கும்.

18 பிப்ரவரி

"பிளாஸ்டிக் சாலை போட்டாலே எல்லாப் பிரச்சினையும் தீர்ந்ததே" என்று எழுதியவருக்கு.

மதுரைக்காரனாக எனக்கு அதில் பெருமை உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் செய்த வேலை அது. 2006ல் காப்புரிமை, 2018ல் பத்மஸ்ரீ. சாலைத் தரத்தை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2013ல் அதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. அவருடைய சாமர்த்தியம் வரிசையை மாற்றியதில் இருக்கிறது. தாரில் பிளாஸ்டிக்கைக் கரைக்கப் பார்த்தால் பிரிந்து மேலே மிதக்கும். அவர் ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினார். கல்லின்மேல் சில நொடிகளில் மெல்லிய தோலாகப் படிந்துவிடும், கல்லின் நுண்துளைகள் மூடிவிடும், தண்ணீர் இறங்காது. அதன்பிறகு தார். தார் எடையில் எட்டிலிருந்து பத்து சதவீதம்வரை பிளாஸ்டிக் போகும்.

நமக்கு முக்கியமான சங்கதி: பிஸ்கெட், சாக்லேட் சுற்றிவருகிற அலுமினியம் பூசிய மெல்லிய கவரும் அதில் சேர்க்கலாம். பி.வி.சி. கூடவே கூடாது. அதாவது நம் மூட்டையின் பெரும்பகுதிக்கு அங்கே இடம் உண்டு. பெட் அந்தச் சூட்டில் உருகாது, ஆனால் பக்கத்தில் பாலிஎத்திலீன் இருப்பதால் ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் பாகு கதைதான்.

ஆனால் சாலை ஒப்பந்தக்காரர் கேட்பது நான்கு மில்லிமீட்டர் அளவில் நறுக்கிய, காய்ந்த, மண் ஒட்டாத சரக்கு. மழைக்காலத்தில் கொட்டகைக்கு வெளியே கிடந்த மூட்டையை யாரும் எடுக்க மாட்டார்கள். நறுக்கும் எந்திரமும், சரக்கைக் காயப்போட மேற்கூரையும்தான் பஞ்சாயத்து வாங்க வேண்டிய முதல் பொருள்கள். டைல்ஸ் மெஷின் அப்புறம்.

19 பிப்ரவரி

நேற்று எழுதிய சாலைக் குறிப்பை மறுபடி படித்ததில் ஒரு விஷயம் சேர்க்கத் தோன்றுகிறது. 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட, கவர் போட்டு விற்கிற கம்பெனியே கழிவுக்கும் பொறுப்பு என்கிற உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதலில் சாலையை மறுசுழற்சி என்று வைக்கவில்லை. மறுசுழற்சி செய்யவே முடியாததை மட்டும் சாலை, மின்சாரம், எண்ணெய், சிமெண்ட் சூளை ஆகியவற்றுக்கு அனுப்பலாம் என்கிறது. கடைசிப் போக்கிடம் என்ற கணக்கில். முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல சாலையைப் போய்ச் சூளையோடு ஒரே வரியில் வைத்திருக்கிறார்களே என்று. யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. சாலைக்குள் போன பிளாஸ்டிக் திரும்ப வராது. மிதக்கிற சுத்தமான சிப்ஸ் கவரைச் சாலையில் போட்டால், வாளியாகி, உடைந்து, மறுபடி வாளியாகக்கூடிய பொருளை அதோடு முடித்துவிடுகிறோம். நடுத்தண்ணீரில் நிற்கிற மசாலா பாக்கெட்டைப் போட்டால் சரியான இடம்.

23 பிப்ரவரி

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புவதைப் பற்றிக் காரசாரமாக வாதம் ஓடியிருக்கிறது. நான் பார்க்கிற விதம் இது.

சிமெண்ட் சூளையில் சரக்கு 1,450 டிகிரி வரை சூடாகிறது. பிளாஸ்டிக் முழுதாக எரியும், சாம்பல் கிளிங்கரில் (சிமெண்டாக அரைக்கும் கட்டி) கலந்துவிடும், தனியாகக் கொட்டவேண்டிய மிச்சம் இல்லை. நம் ஊர் நிலக்கரியைவிடப் பாலிஎத்திலீன் இரண்டு மடங்குக்கு மேல் சூடு தரும், அதனால் ஆலைக்கும் லாபம். தெருமுனையில் கொளுத்துவதோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் அது எரிப்பு. எரித்ததை மறுசுழற்சிக் கணக்கில் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அழுக்கு நாப்கின் உறை, குப்பைமேட்டிலிருந்து தோண்டி எடுத்து மண் அப்பிய பிளாஸ்டிக், இதற்கெல்லாம் வேறு வழி இல்லை, போகட்டும். வீட்டு வாசலில் சுத்தமாகப் பிரித்து வாங்கிய கவரும் அதே லாரியில் ஏறுகிறதே, அது வயிற்றெரிச்சல். தூய்மைக் காவலர்கள் கைவலிக்கப் பிரித்ததை மறுபடி ஒன்றாகக் கொட்டி ஏற்றுவதைப் பார்த்தால் அடுத்த நாள் எந்த முகத்தோடு அவர்களைப் பிரிக்கச் சொல்வது?

24 பிப்ரவரி

இந்தக் கேள்வி பதில் தொடரில் யாரோ "ஷாம்பு பாக்கெட் வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை. நம் கடலூர்தான். சின்னி கிருஷ்ணன் என்பவர் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைக் கொண்டுவந்தார், வெல்வெட் ஷாம்பு அந்தக் குடும்பத்துச் சரக்கு. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் தொடங்கிய கம்பெனியின் சிக் ஷாம்பு கிராமம் கிராமமாகப் போனது. கூலி வேலை செய்கிற பெண்ணும் சில்லறைக் காசுக்கு ஷாம்பு வாங்க முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் அம்மாவும் அப்படித்தான் வாங்கினார்.

குப்பைக் கணக்கில்தான் அது தொல்லை. காலிப் பாக்கெட் ஒன்று ஒரு கிராம்கூட வராது. ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். குனிந்து எடுக்கிற உழைப்புக்குக்கூடக் கட்டாது என்பதால் யாரும் எடுப்பதில்லை, சாக்கடையில் போய் அடைக்கிறது.

தமிழ்நாட்டில் 1 ஜனவரி 2019 முதல் தடை செய்த 14 வகைப் பொருள்களில் தண்ணீர் பாக்கெட் உண்டு. ஷாம்பு பாக்கெட் இல்லை. தண்ணீர் பாக்கெட் சுத்தமான பாலிஎத்திலீன், எந்தப் பட்டறையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். தெருவில் வீசப்படுவதால் தடை வந்தது, சரி. அதேபோல் வீசப்படுகிற, யாரும் வாங்காத பாக்கெட் தப்பித்துக்கொண்டது.

2 மார்ச்

அடுக்குகளைப் பிரிக்க முடியுமா என்று கேட்ட கல்லூரி மாணவிக்கு:

முடியும். வேதியியலில் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு பிளாஸ்டிக்கையும் கரைக்கும் திரவம் வேறு, சூடு வேறு. ஒன்றைக் கரைத்து வடித்து, திரும்பப் படியவைத்து, அடுத்ததற்குப் போவது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2020ல் இப்படிப் பல அடுக்குக் கவரைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. அதற்கு முன்பே, 2017ல், யூனிலீவர் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஷாம்பு போன்ற சின்ன பாக்கெட்டிலிருந்து பாலிஎத்திலீனைக் கரைத்தெடுக்கும் முறையை அறிவித்து, இந்தோனேசியாவில் மாதிரி ஆலை வைத்தது. புனேயில் அஷாயா என்ற நிறுவனம் சிப்ஸ் கவரிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்துக் குளிர்கண்ணாடிச் சட்டம் செய்து 2023ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

திரவத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்துவதில்தான் செலவு. கரைப்பானைக் காய்ச்சி வடிக்கச் சூடு வேண்டும், கசிவைத் தடுக்க வேண்டும், தீ ஆபத்து உண்டு. பஞ்சாயத்துக் கொட்டகையில் செய்கிற வேலை இல்லை. உங்கள் புராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

5 மார்ச்

நடைபாதைக் கல் பற்றி இன்னும் கொஞ்சம். மணலோடு பாலிஎத்திலீனைச் சூடாகக் கிளறி அச்சில் அமுக்கினால் வருகிற கல் கெட்டியாகவே இருக்கும், தண்ணீர் குடிக்காது. எனக்கு உறுத்துவது தேய்மானம். வண்டிச் சக்கரமும் செருப்பும் தேய்க்கத் தேய்க்கத் தூளாகிறது, அந்தத் தூள் மழைநீரோடு கண்மாய்க்குப் போகிறது. வெயில் வேறு மேல்தோலைப் பொரிய வைக்கும். அதனால் நான் ஒருவர் கேட்டால் தேயாத இடத்துக்குச் செய்யச் சொல்வேன்: எல்லைக் கல், செடிப் பாத்தி ஓரம், கொட்டகைக்குள் மூட்டை அடுக்கும் தட்டு, மாட்டுத் தொழுவத்தின் தடுப்புப் பலகை. தரைக்கு வேண்டாம். வாசுதேவன் அவர்களே பிளாஸ்டோன் என்று ஜல்லியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கல் ஒன்றைச் செய்தார், அதில் மேலே கல்தான் தேய்மானத்தைத் தாங்குகிறது என்று ஒருவர் எதிர்வாதம் வைத்திருக்கிறார். யோசிக்க வேண்டிய வாதம்தான். கல் அதிகம், பாகு குறைவு என்றால் தூளும் குறையும். அரைத்த கவர் அதிகம், மணல் குறைவு என்று வருகிற மெஷின் சரக்குக்கு அது பொருந்தாது.

11 மார்ச்

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரே சண்டை. நினைவுக்காக: ஒன்றிய அரசின் 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று இருந்தது. 2018 திருத்தத்தில் அந்த வரி மாறியது. மறுசுழற்சியும் முடியாது, எரித்துச் சூடும் எடுக்க முடியாது, வேறு பயனும் இல்லை என்றால்தான் நிறுத்த வேண்டும் என்றாயிற்று. எரியாத பிளாஸ்டிக் கவர் எது? ஒரு வரியில் மொத்தக் கவரும் பிழைத்துக்கொண்டது. எனக்கு இந்த விஷயத்தில் ஆறவே ஆறாத மனக்குறை இதுதான்.

2022 வழிகாட்டுதல் பல அடுக்குக்குத் தனி வகை வைத்து, 2024-25ல் 30 சதவீதம் மறுசுழற்சி, 2027-28ல் 60 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதை அடைய ஒரே நேர்வழி, கவரையே ஒரே பொருளில் செய்வது. பாலிஎத்திலீன்மேல் பாலிஎத்திலீன் என்று அடுக்கும் கவர்கள் வந்துவிட்டன. பற்பசை டியூப்பைப் பாருங்கள்: நடுவில் அலுமினியத் தகடு வைத்த டியூப்பை நான் வருடக்கணக்கில் ஒதுக்கி எறிந்திருக்கிறேன். கோல்கேட் 2019ல் ஒரே வகைப் பாலிஎத்திலீனில் டியூப் செய்து காட்டியது. பற்பசைக்கு முடிந்தது ஷாம்புவுக்கு முடியாதா?

14 மார்ச்

கேள்வி கேட்ட பஞ்சாயத்து நண்பர் "கட்டக்கடைசியில் நாளைக்குக் காலையில் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்" என்கிறார். சொல்கிறேன்.

நான்கு சாக்கு வையுங்கள். மிதக்கிற கவருக்கு ஒன்று. நிற்கிற, மூழ்குகிற கவருக்கு ஒன்று. தட்டையாக்கிய ஜூஸ் டப்பாவுக்கு ஒன்று. மாத்திரை அட்டைக்குத் தனியாகக் கறுப்புச் சாக்கு, வாயைக் கட்டி. தினமும் பக்கெட் சோதனை வேண்டாம். உங்கள் ஊர்க் கடையில் விற்கிற கவர்களை ஒருமுறை சோதித்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினால் போதும். பெண்கள் பார்த்துப் பழகிக்கொள்வார்கள். கம்பெனி கவரை மாற்றினால் அட்டையையும் மாற்றுங்கள்.

முதல் சாக்கு நிறைந்ததும் பக்கத்து மாவட்டப் பட்டறைகளுக்குப் போன் போட்டு "பிபி மெட்டலைஸ்டு", அதாவது அலுமினியம் பூசிய பாலிப்ரொப்பிலீன், இருக்கிறது என்று சொல்லுங்கள். "சிப்ஸ் கவர்" என்று சொன்னால் போனை வைத்துவிடுவார்கள். மாதிரி ஒரு கிலோ அனுப்பச் சொல்வார்கள், காய்ந்ததாக அனுப்புங்கள். இரண்டாவது சாக்கை ஊரக வளர்ச்சித் துறைச் சாலை வேலைக்கு ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். டைல்ஸ் மெஷின்காரர் மறுபடி வந்தால் இரண்டாவது சாக்கை மட்டும் அவரிடம் கொடுத்து, பால் கவர் சேர்க்காமல் உங்கள் கண்முன்னே ஒரு டைல் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.